மொத்த இரும்பு போட்ட ட்ரெயிலர் மலையிறக்கத்துக்கு உதவாது

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வெல்டிங் கடைக்குப் போய், ரேஸ் கார் ஏற்றிப்போக ஒரு ட்ரெயிலர் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, நல்ல மொத்த இரும்பாப் போட்டு அடிச்சித் தாரன், ஆயுசுக்கும் ஒண்டும் ஆகாது." பக்கத்தில் நிற்பவர்களும் தலையை ஆட்டுவார்கள். வாப்பாமார் அதைக் கேட்டு நிம்மதி அடைவார்கள். பாரமானது பலமானது, பலமானது பாதுகாப்பானது என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. ட்ரெயிலர் விஷயத்தில் இந்த எண்ணம் தவறு. வெறும் தவறு என்று சொல்லி விட்டுவிடவும் முடியாது, அது ஆளைக் கொல்லக்கூடிய தவறு. அதனால்தான் இவ்வளவு நீளமாக மறுக்க வேண்டியிருக்கிறது.

ட்ரெயிலர் நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இந்தக் கரையோரத்தில் கார் பந்தயத் தடம் கிடையாது. தியத்தலாவையில் இராணுவக் கல்லூரியின் பொக்ஸ் ஹில், அநுராதபுரம் சாலியபுரத்தில் கஜபா, களுத்துறைப் பக்கம் பழைய விமான ஓடுபாதையான கட்டுக்குருந்த, நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தொட்ட மலையேற்றம் என்று எல்லாமே தூரம். பந்தயத்துக்குத் தயாரித்த காரில் பல்ப் இருக்காது, சைலன்சர் இருக்காது, உள்ளே கூண்டுக் குழாய் மட்டும் இருக்கும். அதைப் பொது வீதியில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. போய்ச் சேர்ந்தாலும் பந்தயத்தில் ஒரு கியர் உடைந்தால் திரும்பி வர வழியில்லை. "ஓட்டிக்கொண்டே போகலாம்" என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

ஆர்வம் இப்போது கூடியிருக்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததை நம் பையன்கள் கைப்பேசியில் பார்த்துக் கொண்டாடினார்கள். ஐந்து வருடமாக நின்றிருந்த தனியார் வாகன இறக்குமதி அடுத்த மாதமே மறுபடி திறந்தது. பழைய நிசான் மார்ச், ஹொண்டா சிவிக், லான்சர் என்று எதையாவது வாங்கிக் கழற்றிப் பூட்டும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எஞ்சினுக்கும் டயருக்கும் இலட்சக் கணக்கில் செலவழிக்க அவர்கள் தயங்குவதில்லை. ட்ரெயிலர் என்று வந்தால் மட்டும் "பெட்டிதானே" என்று வெல்டிங் கடைக்காரரின் கையில் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவருடைய அனுபவம் உண்மையானது. அவர் வாழ்நாளெல்லாம் செய்தது உழவு இயந்திரப் பெட்டி. சம்மாந்துறை வட்டையிலிருந்து நெல் மூட்டை, ஆற்று மணல், செங்கல், கரையில் இழுத்துப்போடும் தோணி என்று எல்லாவற்றையும் அந்தப் பெட்டி சுமந்திருக்கிறது. பள்ளமும் சேறும் உள்ள வரம்பு வழியில் மெல்லிய தகடு கிழிந்துவிடும். அங்கே மொத்த இரும்பு சரியான முடிவு. ஆனால் அந்தப் பெட்டி சமதரையில், மணிக்கு 15, 20 கிலோமீற்றர் வேகத்தில் போவது. இழுக்கிற டிரெக்டரே இரண்டு டன்னைத் தொடும், அதன் பின்சக்கரமும் பெரியது. பெட்டியின் எக்ஸல் நன்றாகப் பின்னால் இருப்பதால் சுமையில் பெரும் பங்கு டிரெக்டரின் கொக்கியில் அழுந்தி நிற்கும், பெட்டி வாலாட்டாது. பிரேக் இல்லாவிட்டாலும் எஞ்சினை அடக்கினால் நின்றுவிடும். வேகம், சரிவு, சுமை நிற்கும் இடம் மூன்றும் மாறிய பிறகும் அதே பெட்டியைக் கொஞ்சம் அகலமாக்கி டபுள் கெப்புக்குப் பின்னால் கொளுவுவதுதான் கோளாறு.

பாரம் எங்கே சேர்கிறது என்று கணக்குப் பார்ப்போம். கார் நிற்கும் தளம் 4 மீற்றர் நீளம், 1.9 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 7.6 சதுர மீற்றர். 6 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 47 கிலோ. முழுத் தளத்துக்கும் போட்டால் தகடு மட்டும் 358 கிலோ. சட்டகம், எக்ஸல், சக்கரம் எதுவும் இன்னும் சேரவில்லை. ஆனால் கார் நான்கு சக்கரத்தில்தான் நிற்கிறது. நடுத் தளத்தில் எதுவும் நிற்பதில்லை. 45 சென்ரிமீற்றர் அகலமான இரண்டு பாதை, 3 மில்லிமீற்றர் தகட்டில், அடியில் சரியான இடைவெளியில் குறுக்குச் சட்டம் வைத்துச் செய்தால் தகட்டின் எடை 85 கிலோ. ஒரே காரை, அதே உறுதியோடு, 270 கிலோ குறைவாகச் சுமக்கலாம். பலத்தைத் தருவது சட்டகத்தின் உயரமும் குறுக்குச் சட்டம் வைக்கும் இடமும் வெல்டிங்கின் தரமும்தான். தகட்டின் தடிப்பு அல்ல.

முழுத் தளமும் மொத்தத் தகடு, லொறி எக்ஸல், கனமான சனல் என்று நம் பாணியில் அடித்தால் ட்ரெயிலர் வெறுமனே 1,200 கிலோவை எளிதாகத் தொடும். கவனமாகச் செய்த இரட்டை எக்ஸல் திறந்த ட்ரெயிலரை 600 கிலோவுக்குள் முடிக்கலாம். அந்த 600 கிலோ வித்தியாசம் என்பது நிசான் மார்ச் ஒன்றின் எடையில் பெரும் பகுதி. பந்தயத்துக்குப் போகும் பையன் காரிலிருந்து 20 கிலோ குறைக்கக் கதவுத் தகட்டையும் இருக்கையையும் கழற்றி வீசுகிறான். பிறகு அதை ஏற்றும் பெட்டியில் 600 கிலோ தேவையற்ற இரும்பைச் சேர்த்துக்கொள்கிறான்.

இப்போது பாதைக்கு வருவோம், விஷயத்தின் மையம் இதுதான். கல்முனையிலிருந்து தியத்தலாவைக்கு 200 கிலோமீற்றருக்கு மேல். அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய வரை பெரும்பாலும் சமதரையும் மெல்லிய மேடுபள்ளமும்தான். அந்தத் தூரம் ஓட்டுநருக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுக்கிறது. "பார், ஒண்டும் ஆகல்லயே" என்று சொல்லிக்கொண்டே வருவார். வெல்லவாயவில் மலை தொடங்கும். அங்கிருந்து எல்ல வரை 27 கிலோமீற்றர் அளவில் ஏறக்குறைய 850 மீற்றர் உயரம் ஏறுகிறோம். ஏறும்போது எஞ்சின் முக்கும், சூடாகும், அவ்வளவுதான். பந்தயம் முடிந்து, களைத்து, பெரும்பாலும் இரவில் அதே வழியில் இறங்கும்போதுதான் சோதனை. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று யாருக்கும் இனி விளக்க வேண்டியதில்லை.

உயரத்திலிருந்து இறங்கும் எடை தன் சக்தியை எங்காவது கொட்டியாக வேண்டும். காற்று கொஞ்சம் எடுக்கும், கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் கொஞ்சம் எடுக்கும், மிச்சம் பிரேக்கில் சூடாக மாறும். டபுள் கெப்பும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 2,300 கிலோ என்றால், 850 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி 65 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதற்குப் பின்னால் 1,200 கிலோ ட்ரெயிலரும் 900 கிலோ காரும் சேர்ந்தால் அது 125 லீற்றராகிவிடும். ட்ரெயிலரில் பிரேக் இல்லை என்றால், பிரேக்குக்குப் போகும் அந்தச் சூடு முழுவதும் முன்னால் இருக்கும் ஒரே வாகனத்தின் நான்கு சக்கரத்தில்தான் இறங்குகிறது. தனியே இறங்கினால் சுமக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. மொத்த இரும்பு அந்த நேரத்தில் எதையும் காப்பாற்றாது. பின்னாலிருந்து தள்ளுவது அதே இரும்புதான்.

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: "ஹைலக்ஸ் மூன்றரை டன் இழுக்கும் மச்சான்." கேட்காத கராஜ் இல்லை. உண்மைதான், புதிய 2.8 லீற்றர் டீசல் ஹைலக்ஸுக்கு அவுஸ்திரேலியாவில் 3,500 கிலோ என்று கம்பனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த எண் பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு. பிரேக் இல்லாத ட்ரெயிலர் என்றால் அதே கம்பனி, அதே வண்டிக்கு, 750 கிலோதான் என்கிறது. ட்ரெயிலரும் அதன் மேலுள்ள காரும் சேர்த்து 750. நம்முடைய மொத்த இரும்பு ட்ரெயிலர் வெறுமனே நிற்கும்போதே அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. இழுக்கும் சக்தியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தும் சக்தியைப் பார்க்காமல் விட்ட பேச்சு அது. பதினைந்து வருடம் ஓடிய பழைய கெப்புக்குப் புதிய வண்டியின் எண்ணைச் சொல்வது அதைவிட மோசம்.

அவுஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவுக்கு மேல் போனால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், ட்ரெயிலர் கொக்கியிலிருந்து கழன்றுவிட்டால் அது தானாகவே பிரேக் பிடித்து நிற்கவும் வேண்டும். பிரித்தானியாவிலும் 750 கிலோவுக்கு மேல் பிரேக் இல்லாமல் வீதியில் ஏற முடியாது. அந்த நாடுகளின் வீதிகள் நம்முடையதைவிட அகலம், சரிவு பெரும்பாலும் குறைவு. அவர்களுக்கே தேவை என்றால் எல்ல இறக்கத்தில் இறங்கும் நமக்கு எவ்வளவு தேவை? பிரேக் உள்ள எக்ஸலுக்குக் கூடுதல் செலவு ஆகும் என்பது உண்மை. நல்ல பந்தய டயர் வாங்கக் காசு இருக்கிறவனுக்கு அந்தச் செலவு முடியாது என்று நான் ஏற்கமாட்டேன். தகட்டில் குறைக்கும் 270 கிலோ இரும்பின் விலையையும் அதில் கழித்துப் பாருங்கள்.

பிரேக் போட்டால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்லவில்லை. கெப் வேகம் குறைக்கும்போது ட்ரெயிலர் முன்னால் தள்ளுவதால் தானாகப் பிடிக்கும் பிரேக்தான் மலிவானது, அதிகமாகக் கிடைப்பதும் அதுவே. நீண்ட இறக்கத்தில் ட்ரெயிலர் ஓயாமல் தள்ளிக்கொண்டே வரும் என்பதால் அந்தப் பிரேக்கும் ஓயாமல் உரசிச் சூடாகும். ஆகவே மேலேயே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும், சக்கரக் குடத்தின் அருகே கையைக் கொண்டுபோய் எவ்வளவு சூடு என்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து கட்டுப்படுத்தும் மின் பிரேக் இதைவிட நல்லது. முடிந்தவர்கள் அதையே தெரிவு செய்யட்டும்.

அடுத்தது, பாரம் எங்கே நிற்கிறது என்பது. இதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை, பேசாமல் விட்டதில் மிக ஆபத்தானது இதுதான். ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. ஐரோப்பாவில் கொஞ்சம் குறைவாக வைப்பார்கள். 1,500 கிலோவுக்கு 150 முதல் 225 கிலோ, அதுவும் கெப்பின் கொக்கி தாங்கும் எல்லைக்குள். அதைவிட மிகக் குறைந்தால், எக்ஸலுக்குப் பின்னால் பாரம் கூடினால், ட்ரெயிலரின் மூக்கு மேலே தூக்கும், கெப்பின் பின்சக்கரத்தின் பிடி தளரும். ஒரு குறிப்பிட்ட வேகம் வரை ஒன்றும் தெரியாது. அதைத் தாண்டியதும் ட்ரெயிலர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கெப்பையும் சேர்த்துத் திருப்பிவிடும். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அப்போது உதவாது. அதிக பாரமான ட்ரெயிலர் ஆடத் தொடங்கினால் அடக்குவது இன்னும் கடினம். "பாரமா இருந்தா ஆடாது" என்று சொல்பவர்கள் உண்மைக்கு நேர் எதிரானதைச் சொல்கிறார்கள்.

காரை எந்தப் பக்கம் திருப்பி ஏற்றுகிறோம் என்பதே பெரிய வித்தியாசம். எஞ்சின் முன்னால் உள்ள 800 கிலோ காரில் 60 சதவீத எடை முன்சக்கரத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதே இடத்தில் காரைப் பின்புறம் முன்னாலாகத் திருப்பி நிறுத்தினால் கொக்கியின் மேலுள்ள பாரம் 100 கிலோ அளவில் குறைந்துவிடும். தளத்துக்குச் சரியாக நடுவில் எக்ஸல் வைத்த ட்ரெயிலர் என்றால் அந்த 100 கிலோ போதும், சவப்பெட்டி ஆகிவிடும். எக்ஸல் நடுவைவிடச் சற்றுப் பின்னால், தளத்தின் நீளத்தில் முன்பக்கம் 60 பங்கு, பின்பக்கம் 40 பங்கு என்ற அளவில் இருக்க வேண்டும். கார் முன்னும் பின்னும் நகர இடமிருக்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் தளத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுவிடலாம், இரவில் களைப்போடு ஏற்றும்போதும் தவறாது.

இதை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. நெல் லொறி நிறுக்கும் பெரிய தராசு நம் பக்கத்து அரிசி ஆலைகளில் இருக்கிறது. கார் ஏற்றிய ட்ரெயிலரைக் கழற்றி, முன் தாங்குகாலும் தராசிலேயே இருக்க முழுதாக நிறுங்கள். பிறகு கெப்பில் கொளுவி, ட்ரெயிலரின் சக்கரம் மட்டும் தராசில் நிற்க நிறுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது கொக்கியின் மேலுள்ள பாரம். ஐந்து நிமிட வேலை. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் சுமை எண்ணையும் அப்போதே பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். இரட்டை எக்ஸலின் நான்கு டயருக்கும் சேர்த்து 2,460 கிலோ. மொத்த இரும்பு ட்ரெயிலரில் சிவிக்கோ லான்சரோ ஏற்றி, மேலே டயரும் டூல் பெட்டியும் ஜெனரேட்டரும் போட்டால் அந்த எல்லைக்குள் நிற்கிறதா என்று தராசே சொல்லும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: பெரிய அணிகள் எல்லாம் மூடிய ட்ரெயிலரில்தான் கொண்டுபோகின்றன, நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்பவர்கள். உப்புக்காற்று என்ற அவர்களுடைய காரணத்தை நான் மதிக்கிறேன். கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றரில் வாழும் நமக்கு அது உண்மையான பகை. ஆனால் அதற்கு மருந்து வேறு. ட்ரெயிலரை முழுதாக நாக உருகலில் முக்கி எடுத்து கல்வனைஸ் செய்வதும், பொக்ஸ் பாரின் உள்ளே ஈரம் தங்காமல் ஓட்டை வைப்பதும், வீட்டில் கூரைக்குக் கீழே நிறுத்துவதும்தான். மொத்த இரும்பாக இருந்தாலும் பொக்ஸ் பார் உள்ளேயிருந்து துருப்பிடித்தால் வெளியே தெரியாது, ஒருநாள் வெல்டிங் ஓரத்தில் உடையும். தடிப்பை நம்பித் துருவை மறப்பது இன்னொரு ஏமாற்றம்.

மூடிய ட்ரெயிலர் 1,500 கிலோவையும் தாண்டக்கூடும், காற்றுக்குப் பாய்மரம் போல நிற்கும். ஆறு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றருக்கு மேல் உயரமும் உள்ள சுவர் அது. வைகாசி, ஆனி மாதங்களில் நிந்தவூரைத் தாண்டி ஒலுவில், பாலமுனை வயல்வெளியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து குறுக்காக அடிக்கும்போது மோட்டார் சைக்கிளே தள்ளாடுகிறது. ஐரோப்பிய அணிகள் பயன்படுத்துவது பல சக்கரங்களும் எல்லாச் சக்கரத்திலும் காற்றுப் பிரேக்கும் கொண்ட பெரிய லொறியை, டபுள் கெப்பை அல்ல. மூடினால்தான் மரியாதை என்று நினைப்பவர்கள் மெர்சிடிஸ் பென்ஸ் 1955இல் தன் பந்தயக் காரை எதில் ஏற்றிப்போனது என்று தேடிப் பார்க்கட்டும். திறந்த முதுகில் ஒரே ஒரு காரைச் சுமந்து மணிக்கு 170 கிலோமீற்றர் வரை ஓடிய தாழ்வான நீல வாகனம் அது. அன்றைய உலகின் முதல்தர அணி தாழ்வையும் வேகத்தையும்தான் தெரிவு செய்தது.

ஏற்றும் பலகை, கட்டும் பட்டி பற்றி இரண்டு வார்த்தை. தளம் 60 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து, பலகை ஒன்றரை மீற்றர் என்றால் சரிவு 23 பாகைக்கு மேல், தாழ்த்திய காரின் முன்மூக்கு உரசும். தளத்தை 45 சென்ரிமீற்றருக்கு இறக்கிப் பலகையை இரண்டரை மீற்றராக்கினால் 10 பாகை அளவுதான். தளம் தாழ்ந்தால் ட்ரெயிலர் கவிழும் அபாயமும் குறையும். நைலோன் கயிறு இழுபடும், காரைக் கட்ட அது ஆகாது. ராட்செட் பட்டியால் நான்கு சக்கரத்தையும் தனித்தனியே கட்டி, பத்து கிலோமீற்றர் போனதும் நிறுத்தி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். தடத்தின் பாதுகாப்பைப் பற்றி அதன்பிறகு நாடு முழுவதும் பேசியது, பேச வேண்டியதுதான். தடத்துக்குப் போகும் வீதியைப் பற்றி எவரும் பேசவில்லை. பந்தயம் பார்க்க வந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள். எல்ல இறக்கத்தில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கும், வெல்லவாய சந்தியில் வீதியைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் நம் பந்தயத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை. நம்முடைய ட்ரெயிலரில் பிரேக் உண்டா இல்லையா என்று அவர்களிடம் நாம் கேட்டதும் இல்லை.

வெல்டிங் கடை வைத்திருக்கும் காக்காமார்களிடம் ஒரு வேண்டுகோள். ரேஸ் காருக்கு ட்ரெயிலர் கேட்டு வரும் தம்பியிடம் முதலில் காரின் எடையையும் இழுக்கும் வண்டியின் பெயரையும் போகும் வழியையும் கேளுங்கள், அதன் பிறகு இரும்பின் தடிப்பைப் பேசுங்கள். பிரேக் வேண்டாம், காசு மிச்சம் என்று அவன் சொன்னால் அந்த வேலையை எடுக்காதீர்கள். தம்பிமாருக்கும் சொல்கிறேன்: இப்போது பின்கொல்லையில் நிற்கும் உங்கள் ட்ரெயிலரை இந்த வாரமே தராசில் ஏற்றிப் பாருங்கள். பிரேக் இல்லாமல் 750 கிலோவைத் தாண்டினால், பிரேக் போடும்வரை அதில் காரை ஏற்றி வீதிக்கு எடுக்க வேண்டாம்.